பழங்குடியினரின் நில உரிமையும் நீதி பெறும் வழியும்

பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்து, உழுது, தேனும் கிழங்கும் எடுத்து, இறந்தோரைப் புதைத்து வரும் நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உரிமையே பழங்குடியினர் நில உரிமை எனப்படுகிறது. அந்த உரிமைக்கு இடையூறு வரும்போது காவல் நிலையத்தையும் வருவாய் அலுவலகத்தையும் நீதிமன்றத்தையும் எட்டி முறையிட முடிவதும், உரிய காலத்தில் தீர்வு கிடைப்பதும் நீதி பெறும் வாய்ப்பு ஆகும். பாடநூல்களில் இவ்விரண்டும் தனித்தனித் தலைப்புகளில் வருவது வழக்கம். நடைமுறையில் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்பதில்லை. தமிழ்நாட்டில் காட்டு நிலம் கைமாறிய வரலாற்றைப் படித்தால், உரிமையே இல்லாமல் நிலத்தை இழந்தவர்களைவிட, உரிமையைச் சொல்ல வேண்டிய இடத்துக்குச் சொல்ல வேண்டிய நாளில் போய்ச் சேர முடியாமல் இழந்தவர்களே மிகுதி என்று தோன்றும்.

ஆற்றின் தலைப்பில் வாழ்பவர்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் பழங்குடியினர் சுமார் 7.95 லட்சம் பேர். மாநில மக்கள்தொகையில் இது ஏறத்தாழ 1.1 விழுக்காடு. அப்போது பட்டியலில் இருந்தவை 36 சமூகங்கள். மலையாளி, இருளர், தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், முதுவர், பளியர், காணி ஆகியோர் அவர்களுள் சிலர். 2023இல் நரிக்குறவர், குருவிக்காரர் சமூகம் புதிதாகச் சேர்க்கப்பட்டது.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் வாழும் மாணவர்களுக்குப் பழங்குடிகள் என்றால் எங்கோ தொலைவில் உள்ளவர்கள் என்ற எண்ணம் இருக்கலாம். சாகுபுரத்துக்கு வடக்கே புன்னக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி, பொதிகை மலையில் காணி மக்களின் குடியிருப்புகளைத் தாண்டித்தான் கீழே இறங்குகிறது. மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி, அகஸ்தியர் காணிக்குடியிருப்பு ஆகியவை அவர்களின் ஊர்கள். அந்தக் காடு இன்று களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் அமைந்த இதுவே தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். தமிழில் 'காணி' என்ற சொல்லுக்கே பரம்பரை நில உரிமை என்று ஒரு பொருள் உண்டு. அப்படிப்பட்ட சொல்லைப் பெயராகக் கொண்ட மக்களின் ஊர்கள், சட்டப்படி வனத்துறையின் எல்லைக்குள் அடங்கிய காட்டில் இருக்கின்றன.

காடு அரசுடைமை ஆனது எப்படி?

பிரிட்டிஷ் ஆட்சியில் 1878ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் வந்தபோது சென்னை மாகாணம் அதன் எல்லைக்குள் வரவில்லை. இதற்குப் பின்னால் ஒரு வியப்பான செய்தி உண்டு. மாகாணத்தின் வருவாய் வாரியம் 1870களிலேயே இதை எதிர்த்திருந்தது. இந்த மாகாணத்தில் ஏதாவது ஒரு கிராமத்தின் எல்லைக்குள் அடங்காத காடே அநேகமாக இல்லை என்றும், மக்கள் அவற்றைக் காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள் என்றும், அரசு தனக்குச் சொத்துரிமை கொண்டாட இடமில்லை என்றும் அந்த வாரியம் கருதியது. வெள்ளைக்கார அதிகாரிகளே எழுதி வைத்த கருத்து இது.

ஆனால் அந்தக் கருத்து நிலைக்கவில்லை. வனத்துறைத் தலைவர் டீட்ரிக் பிராண்டிஸ் சென்னைக்கு வந்து ஆய்வு செய்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. ஓரிடத்தைக் காப்புக்காடாக அறிவிக்க அச்சட்டம் வகுத்த முறை, படிப்பதற்கு நியாயமாகவே தெரியும். முதலில் அரசிதழில் அறிவிப்பு. பிறகு வனத் தீர்வு அலுவலர் ஒருவர் நியமனம். அவர் அக்கம்பக்கத்து ஊர்களில் பிரகடனம் செய்து, உரிமை கோருவோர் தம் கோரிக்கையைத் தெரிவிக்க மூன்று மாதத்துக்குக் குறையாத அவகாசம் தருவார். வந்த கோரிக்கைகளை விசாரித்து முடிவு செய்வார். வராத கோரிக்கைகள், காப்புக்காடு என்ற இறுதி அறிவிப்போடு அற்றுப்போகும்.

சிக்கல் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது. மலையில் வாழ்ந்தவர்களுக்கு எழுத்து இல்லை, அரசிதழ் இல்லை, அடிவாரத்துக் கச்சேரிக்குப் போய்வர நாள்கணக்கில் நடக்க வேண்டும். தாங்கள் வாழும் இடத்துக்குத் தாங்களே 'உரிமை கோர' வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிது. கோரிக்கை வராததால் உரிமை இல்லை என்று பொருள் கொள்ளப்பட்டது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் ஒப்புதல் இருப்பதாக எடுத்துக்கொள்ளும் இந்த முறை, இன்றைய நில எடுப்புகளிலும் முற்றிலும் மறைந்துவிடவில்லை.

இதனுடன் இன்னொன்றும் சேர்ந்தது. மலையில் ஓரிடத்தைத் திருத்திச் சில ஆண்டுகள் பயிரிட்டு, பின் அதை ஓயவிட்டு வேறிடம் செல்லும் வேளாண்மை பழங்குடிகள் பலரின் வழக்கம். 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் இதை உரிமையாக ஏற்காமல், அரசு கட்டுப்படுத்தவோ ஒழிக்கவோ கூடிய ஒரு சலுகையாக மட்டுமே கருதியது. சலுகை பெறுபவர் வழக்குத் தொடுக்க முடியாது, கெஞ்சத்தான் முடியும். இவ்வாறு சொந்த இடத்திலேயே பழங்குடிகள் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார்கள்.

சமவெளிக்காரர்களிடம் நிலத்தை இழப்பது வேறொரு வழி. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடியினர் நிலம் பிறருக்குக் கைமாறுவதை 1959ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அதன் 1970ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுக்கின்றன. 1997இல் சமதா வழக்கில் உச்சநீதிமன்றம் அரசே சுரங்கக் குத்தகையாக அந்நிலத்தைத் தனியாருக்குத் தர முடியாது என்றது. தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஏதும் இல்லை. எனவே அட்டவணைப் பகுதிக் கிராமசபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டமும் இங்கே செல்லாது. வருவாய் நிலையாணைகளும் பட்டாவில் எழுதப்படும் நிபந்தனைகளுமே இங்கு காவல்.

1992 ஜூன்: இரண்டு நிகழ்ச்சிகள்

ஒரே மாதத்தில் உலகின் இரு முனைகளில் நடந்தவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது இந்தப் பொருளைப் புரிந்துகொள்ள உதவும்.

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே டாரஸ் நீரிணை உள்ளது. மன்னார் வளைகுடாவைப் போல அதுவும் முத்துச்சிப்பிக்குப் பேர்போன கடல். அங்குள்ள மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய ஊரார் சிலரும் 1982இல் தங்கள் தீவு தங்களுடையதே என்று வழக்குத் தொடுத்தார்கள். ஆங்கிலேயர் வந்தபோது ஆஸ்திரேலியா யாருக்கும் உரிமையில்லாத நிலமாக இருந்தது என்பதே அதுவரை அந்நாட்டுச் சட்டத்தின் அடிப்படை. 1992 ஜூன் 3 அன்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் இந்தக் கொள்கையைத் தள்ளிவிட்டு, குடியேற்றத்துக்கு முன்பே அம்மக்களுக்கு நில உரிமை இருந்தது என்று ஏற்றது. பத்தாண்டு நடந்த வழக்கின் தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் இறந்திருந்தார்.

அந்தத் தீர்ப்பு வந்த 17ஆம் நாள், 1992 ஜூன் 20 அன்று, தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்திக்குள் 155 வனத்துறையினரும் 108 காவல்துறையினரும் 6 வருவாய்த்துறையினரும் நுழைந்தார்கள். மலையாளிப் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. கடத்தப்பட்ட சந்தனக்கட்டை பதுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லியே சோதனை நடந்தது. ஊரார் ஆலமரத்தடியில் நிறுத்தப்பட்டு அடிக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, ஆடு கோழிகள் அறுத்துத் தின்னப்பட்டன, குடிநீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சந்தனக் கடத்தல் குற்றம் சாட்டப்பட்டுச் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் மலைக்காட்டில் ஒளிந்து வாழ்ந்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, புகார் கொடுக்க வேண்டிய இடம் எது என்பது. ஊருக்குள் வந்தவர்களில் காவல்துறையும் இருந்தது, வருவாய்த்துறையும் இருந்தது. முறையிட வேண்டியவர்களிடமே முறையிட வேண்டிய நிலை. அரசுத் தரப்பு அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுத்தது. பாதிக்கப்பட்டவர்களே சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகளாகச் சிறையில் இருந்தார்கள்.

கதவு திறந்தது வெளியிலிருந்து. தமிழ்நாடு பழங்குடி மக்கள் சங்கத்தினர் ஊருக்குச் சென்று நடந்ததைக் கேட்டறிந்தனர். மார்க்சிஸ்ட் கட்சியின் அன்றைய மாநிலச் செயலாளர் அ. நல்லசிவன் உச்சநீதிமன்றத்தை அணுகி, அதன் வழிகாட்டலின்படி சென்னை உயர்நீதிமன்றம் சென்றார். பட்டியல் சாதிகள், பழங்குடிகள் தேசிய ஆணையத்தின் அதிகாரி பாமதி நேரில் விசாரித்து, குற்றச்சாட்டில் உண்மை இருப்பதாக அறிக்கை அளித்தார். மேலே இருந்து ஒரு அதிகாரியின் கையெழுத்து விழுந்த பிறகே ஊர்ப் பெண்களின் சொல் அரசு ஏடுகளில் ஏறியது என்பது வருத்தத்துக்குரியது. 1995இல் உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டனர்.

தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வழங்கியது. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்மானிக்கப்பட்டனர்: வனத்துறையினர் 126, காவல்துறையினர் 84, வருவாய்த்துறையினர் 5. அவர்களுள் 17 பேர் மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் நிறுவப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்வையிட்டார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்ச ரூபாய் இழப்பீடு தரவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார்.

நடந்ததற்கும் இறுதி ஆணைக்கும் இடையே 31 ஆண்டுகள். பள்ளிப் பருவத்தில் துன்பத்துக்கு உள்ளானவர்கள் நடுவயதைக் கடந்துவிட்டார்கள். வாச்சாத்தி வென்ற வழக்குதான். ஆனால் ஒரு சங்கமும், ஒரு கட்சியும், ஓர் ஆணையமும், ஒரு மத்தியப் புலனாய்வு அமைப்பும், சலிக்காத சாட்சிகளும் ஒன்றுசேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் வெற்றியை எல்லா ஊரும் எதிர்பார்க்க முடியாது.

நிலப் பறிப்பும் குற்றமே

வாச்சாத்தி வழக்கில் தண்டனைக்கு உதவியவற்றுள் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் ஒன்று. பொதுவாக இது இழிவுபடுத்தல், தாக்குதல் ஆகியவற்றுக்கான சட்டம் என்றே அறியப்படுகிறது. பட்டியல் பழங்குடியினரின் நிலத்தை முறைகேடாக ஆக்கிரமிப்பதும், அவர்களை அதிலிருந்து வெளியேற்றுவதும் இச்சட்டப்படி குற்றமே. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் 'வன உரிமைகள்' என்ற சொல்லையும் வெளிப்படையாகச் சேர்த்தது. எனவே காட்டில் சட்டப்படி தேனெடுக்கும் உரிமையைத் தடுப்பதும் வழக்காகலாம். அதே திருத்தம் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் தனி உரிமைகளை வகுத்தது: முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசமாகப் பெறுதல், பாதுகாப்பு, பயணச் செலவு, விசாரணையின் நிலையை அறிதல் ஆகியன. கடமை தவறும் அரசு ஊழியரும் தண்டிக்கப்படலாம்.

வாய்மொழிக்கு மதிப்பளித்த சட்டம்

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே, காடுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டதை ஒப்புக்கொள்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தைப் பயன்படுத்தி வரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்திலுள்ள நிலத்துக்கு 4 எக்டேர் வரை உரிமைப் பட்டம் பெறலாம். பழங்குடி அல்லாதவரானால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். பட்டம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரப்படும். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. தனி நிலம் தவிர, சிறு வனப் பொருள்கள், மேய்ச்சல், மீன்பிடிப்பு, காட்டைக் காக்கும் அதிகாரம் ஆகியவற்றுக்கு ஊர் முழுவதும் சமூக உரிமை கோரலாம். கோரிக்கை முடிவாகும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது.

1882ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம் நடைமுறையில் இருக்கிறது. உரிமை கோருபவர் கச்சேரியைத் தேடிப் போக வேண்டியதில்லை. விசாரணை ஊரிலேயே, கிராமசபையில் தொடங்குகிறது. சபை அமைக்கும் வன உரிமைக் குழு நிலத்தைப் பார்த்து அளக்கும். பிறகு கோட்ட அளவிலான குழு, இறுதியாக ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு. கிராமசபையின் முடிவில் குறையிருந்தால் 60 நாளுக்குள் மேலே முறையிடலாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

சான்றாக எவற்றைக் காட்டலாம் என்பது இன்னும் முக்கியம். அரசு ஆவணங்கள் மட்டுமல்ல. வீடு, வரப்பு, கிணறு, புதைகுழி, குலதெய்வக் கோயில், வம்சாவளி, உரிமை கோருபவர் அல்லாத முதியவர்களின் வாக்குமூலத்தை எழுதிய பதிவு ஆகியவையும் சான்றே. காகிதம் இல்லாததால் இழந்ததைக் காகிதம் கேட்காமல் மீட்க இது வழி செய்தது.

தமிழ்நாடு இதில் பின்தங்கிப் போனதற்கு ஒரு வழக்கும் காரணம். இச்சட்டத்தை எதிர்த்த மனுவில் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம், தன்னிடம் உத்தரவு பெறாமல் உரிமைப் பட்டம் வழங்கக் கூடாது என்றது. 2016இல் உச்சநீதிமன்றம் இத்தடையை நீக்கும் வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. 2019 பிப்ரவரி 13 அன்று, கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்ற உச்சநீதிமன்றம் உத்தரவிட்டு, அந்த மாதம் 28ஆம் நாளே அதை நிறுத்தியும் வைத்தது. நிராகரிப்புகளில் பல, காரணம் தெரிவிக்கப்படாமலேயே நடந்தவை என்ற குறைபாடு அப்போதுதான் பரவலாகப் பேசப்பட்டது.

நியமகிரியும் தூத்துக்குடியும்

2013 ஏப்ரலில் ஒரே தொழில் குழுமத்தைப் பற்றி உச்சநீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. ஏப்ரல் 2 அன்று தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொன்ன உயர்நீதிமன்ற ஆணையை நீக்கி, மாசுக்காக 100 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. ஏப்ரல் 18 அன்று, அதே வேதாந்தா குழுமத்துக்காக ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் வெட்டலாமா என்பதை அங்குள்ள கிராமசபைகள் தம் வழிபாட்டு உரிமையை வைத்து முடிவு செய்யட்டும் என்றது. அவ்வாறு கூடிய 12 கிராமசபைகளும் வேண்டாம் என்றன. 2014இல் மத்திய அரசு சுரங்க அனுமதியை மறுத்தது.

இரு வழக்குகளிலும் எழுந்த சட்டக் கேள்விகள் வேறு. ஆயினும் ஒரு வேறுபாட்டை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். டோங்கிரியா கோந்து மக்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்ல வன உரிமைச் சட்டம் இருந்தது. தூத்துக்குடி மக்களிடம் அப்படிக் கேட்கும் சட்டம் இல்லை. 2018 மே மாதம் நூறு நாள் போராட்டத்தின் முடிவில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்த பிறகே ஆலை மூடப்பட்டது. அதை மீண்டும் திறக்கக் கோரிய மனுவை உச்சநீதிமன்றம் 2024 பிப்ரவரி 29 அன்று தள்ளுபடி செய்தது.

கடலுக்குப் பட்டா உண்டா?

முத்துக்குளித்துறையின் பரதவர் பட்டியல் பழங்குடியினர் அல்லர். ஆனால் கடற்படுகைகளோடு அவர்களுக்குள்ள உறவு, மலைமக்களுக்குக் காட்டோடு உள்ள உறவை ஒத்தது. எந்தப் பாரில் எப்போது சிப்பி முதிரும் என்ற அறிவு அவர்களுடையது. குளிப்பதற்கான உத்தரவும் வருவாயில் பெரும்பங்கும் எப்போதும் ஆட்சியாளருடையது. ராமநாதபுரம் கரையோரச் சங்குப் படுகையில் அனுமதியின்றிச் சங்கெடுத்தது திருட்டாகும் என்று 1904இல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. அத்தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்துவந்த பெண்கள், காணி மக்களைப் போலவே, ஒரு நாளில் அத்துமீறுபவர் ஆனார்கள். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகள் மீனவர் குடியிருப்புக்குச் சில சலுகைகள் தருகின்றன. கடல் மீது மரபுரிமை தரும் தனிச்சட்டம் இன்னும் இல்லை.

உலக அளவில், 2007இல் ஐக்கிய நாடுகள் சபை பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனத்தை ஏற்றபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. பிரகடனம் நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்லாது. பழங்குடியினருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 169ஆம் உடன்படிக்கையில் இந்தியா இதுவரை இணையவில்லை.

சட்ட உதவி பெற

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன்படி பட்டியல் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரப்பட வேண்டும். பட்டியல் சாதியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கும் வரம்பு கிடையாது. சட்டம் குறிப்பிடும் வேறு சில பிரிவினர் தவிர, மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் எழுதியோ, நேரில் சொல்லியோ விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் சொல்வதை அங்குள்ளவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் கேட்கலாம். நில வழக்காக இருந்தால் கிராமசபைத் தீர்மானத்தின் நகல், நிராகரிப்பு உத்தரவு, அது கையில் கிடைத்த தேதி ஆகியவற்றைக் கொண்டுசெல்வது நல்லது; மேல்முறையீட்டுக்கான 60 நாள், தீர்மானம் அல்லது முடிவு எடுக்கப்பட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும்.